புல் ஐலண்டில் வாத்துக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுத் திட்டு வாங்கினேன். எவ்வளவு தூரம்தான் தள்ளி நிற்பது?

ரஹேனி ராஜா | ஜனவரி 19, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். டப்ளினுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. டப்ளின் கரையை ஒட்டிய தீவான புல் ஐலண்ட் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். குளிர்காலத்தில் சும்மா இருப்பானேன் என்று தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற பழைய 150-600 எம்.எம். லென்ஸ் ஒன்றை வாங்கினேன் (வீட்டில் சொன்ன விலை வேறு, அதை இங்கே கேட்காதீர்கள்).

போன ஞாயிறு தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. நடுச் சேற்றில் முந்நூறு நானூறு கருத்த வாத்துகள். கரையிலிருந்து எடுத்தால் எறும்பு மாதிரி தெரிகிறது. சரி, கொஞ்சம் கிட்டே போவோம் என்று சேற்றில் இறங்கினேன். ஐம்பது அடி நடந்திருப்பேன், மொத்தக் கூட்டமும் ஒரே இரைச்சலோடு எழும்பிப் போய்விட்டது. 212 படம் எடுத்தேன். 212லும் வாத்தின் பின்பக்கம்தான்.

கரைக்கு வந்தால் தொலைநோக்கியோடு நின்ற பெரியவர் ஒருவர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி அவருடைய உச்சரிப்பில் போய்விட்டது, மீதியை இங்கே எழுத முடியாது. அதே நேரத்தில் அந்தப் பக்கம் ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

எவ்வளவு தூரத்தில் நின்றால் பறக்காது? 600 எம்.எம். போதாதா?


கல்திருப்பி | ஜனவரி 19, இரவு 11:15

ராஜா, திட்டியதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வந்த புதிதில் அதே சேற்றில் ஒரு பூட்ஸைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் வீட்டுக்குப் போனவன். என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

நீங்கள் கிளப்பிவிட்டது பிரென்ட் வாத்து, வயிறு வெளுத்த வகை. கனடாவின் வடகோடித் தீவுகளில் குஞ்சு பொரித்து, கிரீன்லாந்தின் பனிப்பாளத்தைத் தாண்டி, ஐஸ்லாந்தில் இறங்கி இளைப்பாறிவிட்டு இங்கே வருகிறது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். கனடாவின் அந்தக் கிழக்குப் பகுதிக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே அயர்லாந்தில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. முதலில் வடக்கே ஸ்ட்ராங்ஃபர்ட் கழிமுகத்தில் பெருங்கூட்டமாக இறங்கி, அங்கே கடற்புல் தீரத் தீர மெல்லத் தெற்கே பரவும். ஜனவரிக்குள் டப்ளின் கரையிலும் கடற்புல் காலியாகிவிடும். அதனால்தான் பள்ளிக்கூட மைதானத்திலும் பூங்காவிலும் ஆடு மாதிரி மேய்கிறது. புல்லில் அதற்குக் கிடைக்கிற சத்து குறைவு. விடிந்ததிலிருந்து அடைகிறவரை மேய்ந்தால்தான் கட்டுப்படியாகும். ஜனவரிப் பகல் எட்டு மணி நேரம்தான். அதில் நாம் ஒருமுறை கிளப்பினால் பறந்த செலவு ஒன்று, மேயாமல் போன நேரம் இன்னொன்று. பெரியவர் கோபம் அதுதான்.

இப்போது உங்கள் கேள்வி. இத்தனை மீட்டர் என்று கணக்குச் சொல்ல முடியாது, பறவையே சொல்லும். மேய்கிற வாத்தின் தலை கீழே இருக்கும். ஒன்றிரண்டு தலை நிமிர்ந்தால் உங்களைப் பார்த்துவிட்டது. பாதித் தலைகள் நிமிர்ந்து, கூட்டம் ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் அதற்குமேல் ஓர் அடி வைக்கக் கூடாது. வந்த வழியே மெதுவாகத் திரும்ப வேண்டும்.

ஆனால் உண்மையில் தப்பு தூரத்தில் இல்லை, நேரத்தில். வற்றத்தில் போனீர்கள். வற்றத்தில் சேறு முழுவதும் அதற்குச் சாப்பாட்டு மேசை, எங்கெங்கோ பரவிக் கிடக்கும். ஏற்றத்தில் போங்கள். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே, தீவுக்குப் போகிற காஸ்வே சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காருங்கள். தண்ணீர் ஏற ஏறச் சேறு குறையும். பறவைகளைக் கடலே உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். காருக்குள் இருக்கிற மனிதனை அவை மனிதனாகவே மதிப்பதில்லை. கதவைத் திறந்து காலை வெளியே வைத்தீர்களோ, போயிற்று.

பிற்பகலில் காஸ்வேயின் வடக்குக் கழியைப் பாருங்கள், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். தெற்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புப் பொம்மைதான். இந்த ஊர்க் குளிர்காலச் சூரியன் தலைக்குமேல் ஏறுவதே இல்லை, அது படம் எடுப்பவனுக்கு வரம். நண்பகலிலும் மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும், கிடைக்கிற அன்றைக்கு.

வாத்து மட்டும்தான் வேண்டும் என்றால் செயின்ட் ஆன்ஸ் பூங்காவுக்கு நடந்து போங்கள். அங்கே நடைபாதையில் ஆள் போவது அவற்றுக்குப் பழக்கம். பாதையை விட்டு இறங்காமல் நின்றாலே உங்கள் லென்ஸுக்குப் போதும்.


புலோலியான் | ஜனவரி 20, காலை 7:05

கல்திருப்பி அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓதம் (கடல் ஏற்றமும் வற்றமும்) பார்க்க ஆப் எல்லாம் இருக்கிறது, ஆனால் என் சமையலறையில் தொங்குகிற தினசரிக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் பெரிய ஏற்றம் வரும். டப்ளினில் அந்தப் பெரிய ஏற்றம் எப்போதும் நண்பகலை ஒட்டித்தான் வரும் (நள்ளிரவிலும் வரும், அது நமக்கு வேண்டாம்). வித்தியாசம் நாலு மீட்டர் வரை போகும், சேறே தெரியாது. ஆகவே அமாவாசைக்குப் பிந்தின சனி ஞாயிறு கிடைத்தால், காலை பத்து மணிக்குப் பிளாஸ்கில் தேநீரோடு காஸ்வேயில் இருங்கள். அம்மா அமாவாசை விரதத்துக்குப் பார்க்கிற காலண்டரில் நான் உள்ளான் மாதிரிக் கரைப்பறவைகளைப் பார்க்க நாள் குறிக்கிறேன்.

வாத்து மட்டுமல்ல, கருவால் மூக்கன், பட்டைவால் மூக்கன், பவளக்காலி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் அன்றைக்கு ஒரே படத்துக்குள் வரும். முக்கால்வாசி நம்மூர்க் கழிகளுக்கும் வருகிற இனங்கள்தான். அதில் ஒரு சந்தோசம்.


காமிராக் கிறுக்கன் | ஜனவரி 20, மதியம் 1:30

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தினமும் நாய் துரத்துகிறது, பட்டம் கட்டிக்கொண்டு அலையில் ஓடுகிறார்கள், மைதானத்தில் பந்து விளையாடினால் வாத்து எழும்பித்தான் போகிறது. வாரம் ஒரு நாள் காமிராவோடு வருகிறவன் இறங்கினால் மட்டும் உலகம் அழிந்துவிடுமா? அதுவும் நிறத்தைப் பார்த்துத் திட்டுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. உள்ளூர்க்காரன் இறங்கியிருந்தால் அந்தப் பெரியவர் வாயைத் திறந்திருப்பாரா?


கல்திருப்பி | ஜனவரி 20, மாலை 6:20

கிறுக்கன், நிறத்தைப் பார்த்துத் திட்டுகிற ஆட்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தொலைநோக்கியோடு நிற்கிற அந்த வகையைப் பெரும்பாலும் எனக்குத் தெரியும். அவர்கள் நாய்க்காரரையும் திட்டுவார்கள், பிஷப் வந்து இறங்கினால் அவரையும் திட்டுவார்கள். நாய்க்காரர் அன்றைக்கு முன்னாடியே வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

மற்றவன் பத்து முறை கிளப்புகிறான் என்றால் நாம் கிளப்புவது பதினோராவது. அந்தக் கணக்கில் பதினொன்றும் சேர்ந்துதான் போகும். நாய்க்காரருக்கு அது வாத்து என்றே தெரியாது. நமக்குத் தெரியும்.

இன்னொன்று. கர்லூவை எடுத்துக்கொள்ளுங்கள். (நீண்டு வளைந்த மூக்குள்ள கரைப்பறவை. நம் பறவை நூல்களில் கோட்டான் என்று எழுதியிருப்பார்கள், ஆந்தை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.) குளிர்காலத்தில் சேற்றில் நிறையத் தெரிகிறது, அவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. அயர்லாந்திலேயே முட்டையிடுகிற கர்லூ 1980களிலிருந்து 98 விழுக்காடு அழிந்துவிட்டது. சிப்பி பிடிப்பானும் இப்போது சிவப்புப் பட்டியலில், அதாவது மிகவும் கவலைக்குரிய பறவைகளின் பட்டியலில். பஃபின் என்கிற கடற்பறவையும் அதில்தான். கரையில் நிறையத் தெரிகிறதே என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.


ஹௌத் மீனாட்சி | ஜனவரி 20, இரவு 8:50

சண்டை போதும். லென்ஸ் இல்லாதவர்களும் இங்கே இருக்கிறோம். நான் ஜூம் காமிரா ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு வருடமாக ஒப்பேற்றுகிறேன். கையில் கனம் இல்லை, டார்ட் ரயிலில் பைக்குள் அடங்கும். ரயில் பாதையே நல்ல பாதை: பூட்டர்ஸ்டவுன் நிலையத்து நடைமேடையிலிருந்தே சதுப்பு தெரியும். டன் லீரியில் இறங்கிக் கிழக்குத் துறைச் சுவரில் நடந்தால் கல்திருப்பி (நம்ம அண்ணா இல்லை, நிஜப் பறவை) காலுக்கடியில் ஓடும், ஊதா உள்ளான் பாறையில் அலைக்கு அலை தப்பித்துக்கொண்டிருக்கும். சுவரில் இருக்கிற ஓட்டைகளில் கோடையில் கறுப்பு கில்லமாட் கூடு வைக்கும், கறுப்பு உடம்பு, வெள்ளைத் திட்டு, சிவப்புக் கால். ஹௌத் துறைமுகத்தில் சாம்பல் நிறக் கடல்நாய், மீன் வெட்டுகிற இடத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. துறைச் சுவரில் காற்று அடிக்கிற அன்று லென்ஸில் உப்புத் துளி படியும். சட்டைத் துணியால் தேய்த்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் உப்பைக் கரைத்து எடுத்த பிறகுதான் துடைக்க வேண்டும். நான் கற்றுக்கொண்ட விலை 140 யூரோ.


ரஹேனி ராஜா | பிப்ரவரி 2, மாலை 5:45

எல்லோருக்கும் நன்றி. நேற்று காஸ்வேயில் மூன்று மணி நேரம் காருக்குள் உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை, கால் விறைத்துவிட்டது. அப்புறம் தண்ணீர் ஏறியது பாருங்கள்! பவளக்காலி ஒன்று என் கண்ணாடிக்குக் கீழே வந்து நின்றது. 600ல் படத்துக்குள் அடங்கவில்லை, 300க்கு இறக்கினேன்.

இரண்டு கேள்வி. வாத்தின் காலில் வண்ண வளையம் தெரிகிறது, எழுத்து இருக்கிறது. அது என்ன? சில வாத்துகளுக்கு இறக்கையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இருக்கிறதே, வேறு இனமா?


கல்திருப்பி | பிப்ரவரி 2, இரவு 10:00

கோடு இருப்பது போன கோடையில் பொரித்த குஞ்சு. இறக்கை மேல் இறகுகளின் நுனி வெளுத்திருப்பதால் வரி வரியாகத் தெரியும். பெரியவற்றுக்கு அது கிடையாது. ஒரு கூட்டத்தில் நூறு எண்ணி, அதில் கோடு போட்டது எத்தனை என்று பார்த்தால், கனடாவில் போன கோடை எப்படிப் போனது என்று இங்கே காருக்குள்ளிருந்தே தெரிந்துவிடும். சில வருடம் குஞ்சே கண்ணில் படாது. அங்கே பனி உருகத் தாமதமானாலே போதும்.

வளையம் ஆய்வுக்காரர்கள் போட்டது. இரண்டு காலிலும் நிறம், எழுத்து இரண்டையும் குறித்து, இடம் தேதியோடு பிரென்ட் வாத்து ஆய்வுக் குழுவுக்கு அனுப்புங்கள். உங்கள் 600 எம்.எம்.முக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. நான் மாதம் ஒருமுறை நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறேன் (ஐவெப்ஸ் என்பார்கள், 1994லிருந்து நடக்கிறது). அங்கே வளையத்தைப் படிக்கப் பலமுறை காமிராக்காரர்களைத்தான் நம்புகிறோம்.


காமிராக் கிறுக்கன் | பிப்ரவரி 9, மதியம் 12:10

புல் ஐலண்டில் குட்டைக்காது ஆந்தை இருக்கிறதாம். சரியாக எந்த இடம் என்று யாராவது இங்கே போடுங்கள். வரைபடத்தில் குறி வைத்தால் இன்னும் நல்லது.


மட்டுறுத்துநர் | பிப்ரவரி 9, மதியம் 2:00

கீழே இடம் குறித்து வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆந்தை அடைகிற இடம், எந்தப் பறவையின் கூடு இருக்கும் இடம் இரண்டையும் இந்தக் குழுவில் போடக் கூடாது. பழைய விதிதான்.


காமிராக் கிறுக்கன் | பிப்ரவரி 9, மதியம் 2:20

சரி சரி. கேட்டது தப்பா.


கிரேஸ்டோன்ஸ் அக்கா | மே 27, இரவு 9:30

இழையை மேலே கொண்டுவருகிறேன், மே மாதம் வந்துவிட்டது. கில்கூல் கடற்கரைக்குக் காமிராவோடு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அங்கே சிறு ஆலா முட்டையிடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற, கையளவுப் பறவை. கூடு என்று ஒன்றும் கிடையாது, கூழாங்கல்லில் ஒரு சின்னக் குழி. முட்டையும் கல் நிறம், குஞ்சும் கல் நிறம். 1985லிருந்து அங்கே காவல் போட்டுப் பார்க்கிறார்கள். முட்டைக் காலத்தில் இரவு பகலாக ஆள் இருக்கும், நரிக்கு மின்வேலி. காகமும் சிற்றெழாலும் வேறு.

கயிறு கட்டியிருக்கிறார்களே, அதற்கு வெளியே நின்றாலே அருமையான படம் கிடைக்கும். மீனை வாயில் வைத்துக்கொண்டு ஆண் பறவை பெண்ணைச் சுற்றி நடக்கும் அழகை நான் அங்கே உட்கார்ந்தபடி எடுத்திருக்கிறேன். கடற்கரை ஓரமாகவே ரயில் போகிறது, அதற்கு ஆலாக்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன சனிக்கிழமை ஒருவர் கயிற்றைத் தாண்டி இறங்கினார். ஆலாக்கள் எல்லாம் தலைக்குமேல் எழும்பிக் கத்துகின்றன, அந்தக் கத்தலையே படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்! குளிர்காற்று, முட்டை வெறுமனே கிடக்கிறது. நான் தமிழில் திட்டினேன், அவர் ஐரிஷ்காரர். புரிந்துவிட்டது.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 1976ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, முட்டையோ பறக்காத குஞ்சோ இருக்கிற கூட்டில் பறவையை வேண்டுமென்றே தொந்தரவு செய்வது குற்றம். கூட்டருகே படம் எடுக்கத் தேசியப் பூங்கா வனவிலங்குத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும்.


ரஹேனி ராஜா | ஜூன் 16, இரவு 10:20

கிரேட் சால்ட்டி தீவுக்குப் போய்வந்தேன்! கில்மோர் கீயிலிருந்து படகு, கடைசியில் ரப்பர்ப் படகில் மாறி இறங்கும்போது முழங்கால்வரை நனைந்தது. தனியார் தீவு, பதினொன்றிலிருந்து நாலரைவரைதான் விடுகிறார்கள். பஃபின் இவ்வளவு சின்னதா? படங்களில் பார்த்து வாத்து அளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன், நம்மூர்க் காக்கையைவிடச் சின்னது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அதுவே நடந்து கிட்டே வந்தது.

தெற்கு முனையில் கேனட் கூட்டம். வெள்ளைப் பறவை, முதல் நூறு படமும் வெளுத்துப்போயிற்று. வெளிச்ச அளவை ஒரு புள்ளி குறைத்த பிறகுதான் இறகு தெரிந்தது. இப்போது சந்தேகம்: கேனட் கண் வெளிர் நீலம்தானே? என் படத்தில் ஒரு பறவைக்குக் கண் முழுக்கக் கறுப்பு. லென்ஸ் கோளாறா?


ஹௌத் மீனாட்சி | ஜூன் 16, இரவு 11:40

லென்ஸில் கோளாறு இல்லை ராஜா. அந்தப் பறவைக்குப் பறவைக் காய்ச்சல் வந்து பிழைத்திருக்கலாம். 2022ல் கேனட் கூட்டங்களில் பெரிய சாவு. அப்போதுதான் ஸ்காட்லாந்தில் பாஸ் ராக் தீவில் இப்படிக் கண் கறுத்த கேனட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கண் கறுத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வைரஸ் வந்துபோன அடையாளம் இருந்தது. படத்தைப் பெரிதாக்கி எனக்கும் அனுப்புங்கள். அந்தக் கோடையில் நான் ஹௌத் கரையிலேயே செத்த கேனட்டைப் பார்த்திருக்கிறேன். இறக்கையை விரித்தால் ஓர் ஆள் உயரம், மணலில் மடங்கிக் கிடந்தது. அன்றைக்குக் காமிராவை எடுக்கத் தோன்றவில்லை.


என்னிஸ் இளங்கோ | செப்டம்பர் 8, காலை 6:15

மேற்குப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல். வடமேற்குக் காற்று புயலாக அடிக்கிற ஆகஸ்ட், செப்டம்பர் நாட்களில் லூப் ஹெட் பக்கம் பிரிட்ஜஸ் ஆஃப் ராஸுக்கு வாருங்கள். கரையை நோக்கித் தள்ளப்பட்ட கடற்பறவைகள் திரும்ப அட்லாண்டிக்குக்குப் போக அந்த முனையைச் சுற்றித்தான் ஆக வேண்டும், நம் மூக்குக்கு முன்னால் போகும். சேபின் கடற்காகம், புயல்குருவி, பெரிய ஷியர்வாட்டர். நேற்று ஆறு மணி நேரம் பாறை மறைவில் படுத்துக் கிடந்தேன். படம் எதிர்பார்க்காதீர்கள், லென்ஸ் துடைக்கவே நேரம் சரியாக இருக்கும். என்னிடம் இருப்பது நூற்றுக்கணக்கான அலைப் படங்கள்.


ரஹேனி ராஜா | அக்டோபர் 12, மாலை 6:30

காலையில் காஸ்வேயில் முதல் வாத்துகள் வந்துவிட்டன. எண்ணினேன்: 46. கோடு போட்டது ஒன்பது.

பிப்ரவரியில் வளையம் அனுப்பியிருந்தேனே, அதற்குப் பதில் வந்தது. வளையம் போட்டது ஐஸ்லாந்தில். நான் படித்ததற்கு முன்பே நாலு குளிர்காலம் இதே ரஹேனி, கிளான்டார்ஃப் மைதானங்களில் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். என்னைவிட அது இந்தப் பேட்டையில் பழைய ஆள்.

அப்புறம், என்னைத் திட்டிய அந்தப் பெரியவரை இன்று மறுபடி பார்த்தேன். அவருக்கு என்னை நினைவில்லை. வளையம் ஏதாவது தெரிகிறதா, கண் சரியாகத் தெரியவில்லை, படம் எடுத்துச் சொல் என்றார். மூன்று படித்துக் கொடுத்தேன்.

26ஆம் தேதி அமாவாசைக்குப் பிந்தின வாரமா என்று புலோலியான் காலண்டர் பார்த்துச் சொல்லவும். ரோஜர்ஸ்டவுன் கழிமுகத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். காரில் இரண்டு இடம் இருக்கிறது.


புலோலியான் | அக்டோபர் 12, இரவு 7:10

காலண்டர் சமையலறையில், நான் வேலையில். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன். ஓர் இடம் எனக்கு.